இழுவை போன டர்போ வண்டி: 131-லிருந்து 190 வரை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில், மூன்றாவது கியரில், 3,000 ஆர்பிஎம் வந்ததும் ஆக்ஸிலரேட்டரைக் கடைசி வரை மிதித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் போனைப் பார்த்து, "மாமா, 190!" என்று கத்தினான். ஆறு வாரத்துக்கு முன் அதே சாலை, அதே கியர், அதே மிதி. அன்று வந்தது 131. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் அது, கிலோபாஸ்கலில். இடையில் என்னென்ன செய்தேன், எங்கெங்கே தப்பாகப் போனேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் யாருக்காவது ஒரு பெரிய செலவு மிச்சமாகலாம்.

பொங்கல் முடிந்த வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு பொன்னேரியிலிருந்து திரும்பினேன். முன்னால் போன கண்டெய்னர் லாரியை முந்த வலப்பக்கம் ஏறி மிதித்தால், எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. எதிரே பஸ். பிரேக்கை அழுத்தி மறுபடி லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மேலே கைப்பிடியைப் பிடித்த கையை மட்டும் திருவொற்றியூர் வரும்வரை இறக்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தும்போது மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வண்டி 2019 மாடல், நான் வாங்கியது 2022-ல், செகண்ட் ஹேண்ட். விளக்கு எரிந்த அன்று ஓடியிருந்தது 68,400 கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மூன்று சிலிண்டர், டர்போ, நேரடி இன்ஜெக்ஷன். புத்தகத்தில் போட்டிருப்பது சுமார் 120 குதிரைசக்தி; டார்க், அதாவது முறுக்கு விசை, 170 என்எம் (நியூட்டன் மீட்டர்) பக்கம், அதுவும் 1,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். டர்போ இல்லாத ஒரு லிட்டர் எஞ்சினில் டார்க் 100 என்எம்மைத் தொடுவதே கஷ்டம். அப்படியென்றால் இந்த வண்டியின் இழுவையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு டர்போ அழுத்தித் தரும் காற்றிலிருந்து வருகிறது. அந்தக் காற்று வழியில் எங்கே ஒழுகினாலும் மிச்சம் இருப்பது ஒரு சாதாரண சின்ன எஞ்சின்தான். பொன்னேரி சாலையில் எனக்குக் கிடைத்தது அதுதான்.

மறுநாள் தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "டர்போ போச்சு சார். புதுசு போட்டு லேபரோட 92,000 ஆகும்" என்றார்கள். வேறு என்ன சோதித்தீர்கள் என்று கேட்டேன். எரர் கோடு வந்திருக்கிறதே, போதாதா என்றார்கள். பி0299 என்ற கோடு. எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட அளவு பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், வரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. 92,000 ரூபாய் என்னிடம் கையில் இல்லை என்பதும் உண்மை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

என்னிடம் 900 ரூபாய்க்கு வாங்கிய ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று இருந்தது. போன வருஷம் அதை வாங்கிய புதிதில் சும்மா ஆசைக்கு ஓட்டிப் பார்த்து, மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் காற்று நுழையும் இடத்தின் அழுத்தம், 192 கிலோபாஸ்கல் வந்ததைத் திரையோடு படம் பிடித்து வைத்திருந்தேன். அந்த ஒரு படம் இல்லையென்றால் இந்த வேலையை ஆரம்பித்தே இருக்க மாட்டேன். நன்றாக ஓடும்போது எவ்வளவு என்று தெரியாமல், கெட்ட பிறகு வரும் எண்ணை வைத்து என்ன செய்ய முடியும்? டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் நல்ல நாளிலேயே மூன்று எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி மட்டும் போட்டு எஞ்சின் ஓடாத நிலையில் எவ்வளவு, சூடான பிறகு ஐடிலில் எவ்வளவு, முழு மிதியில் எவ்வளவு. நம் ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் முதல் எண் 101-க்குப் பக்கத்தில் வர வேண்டும். எனக்கு 101 வந்தது, ஆக சென்சார் பொய் சொல்லவில்லை. ஐடிலில் 36. முழு மிதியில் 131.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் நான் முதலில் போனது தப்பான பக்கம். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிஷம் வண்டி உதறும். அதையும் இழுவை இல்லாததையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாத மிஸ்ஸிங்தான் என்று முடிவுக்கு வந்தேன். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலில், இரண்டாவது சிலிண்டருடையதை மூன்றாவதுக்கு மாற்றிப் பார்த்தேன். காயில் கெட்டிருந்தால் குறையும் கூடவே இடம் மாற வேண்டும். மாறவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை புதுப்பேட்டை போய் 2,150 ரூபாய்க்கு ஒரு காயிலும், தலா 620 ரூபாய்க்கு மூன்று பிளக்கும் வாங்கினேன். பிளக் வாங்கியதில் வருத்தமில்லை. பழையவற்றின் இடைவெளி 0.95 மிமீ ஆகியிருந்தது, இருக்க வேண்டியது 0.75. டர்போ எஞ்சினில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். இடைவெளி கூடினால் பொறி தாண்டச் சிரமப்படும், காயில் சூடேறிச் சீக்கிரம் போகும். டார்க் ரெஞ்சில் 17 என்எம் வைத்து முறுக்கினேன். ஓட்டிப் பார்த்தால் 132. காயிலைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. இன்னும் பெட்டியில் இருக்கிறது.

அடுத்து டர்போவையே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். உள்ளபடியே அது போயிருந்தால் மற்ற வேலை எல்லாம் வீண். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி, டர்போவுக்குள் காற்று நுழையும் ரப்பர் குழாயையும் எடுத்தால் கம்ப்ரெசர் சக்கரம் கண்ணுக்குத் தெரியும். உள்ளங்கைக்குள் அடங்கும் சக்கரம் இது. வேலை செய்யும்போது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றையெல்லாம் தாண்டிச் சுற்றும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு இரண்டு விரலால் நடுநட்டைப் பிடித்து மூன்று விஷயம் பார்த்தேன். தடையில்லாமல் சுற்றுகிறதா? சுற்றியது. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் ஆட்டம் இருக்கிறதா? துளியும் இல்லை. பக்கவாட்டில்? மயிரிழை அளவு இருந்தது. அது இருக்கத்தான் வேண்டும், ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதப்பதால் அந்த இடைவெளி வேண்டும். ஆட்டிப் பார்த்தபோது சக்கரத்தின் இதழ் சுவரில் உரசவில்லை. இதழ் ஓரங்களில் தேய்ப்பும் இல்லை. குழாயின் உள்ளே லேசாக ஆயில் ஈரம் இருந்தது. எஞ்சினின் அடியில் சேரும் ஆவியை வெளியேற்றும் மூச்சுக்குழாயிலிருந்து வருவது அது. குளம் கட்டி நின்றிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

டர்போ நன்றாக இருக்கிறது. 92,000 ரூபாய் வேண்டாம். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

சக்கரம் சரி என்றால் இரண்டே சந்தேகம்தான் மிச்சம். அழுத்திய காற்று வழியில் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டர்போவின் வேஸ்ட்கேட் என்ற கதவு மூடாமல் நிற்கிறது. ஒழுகலை முதலில் தேடினேன். கண்ணால் பார்த்ததில் ஒரு குழாயிலும் குறை தெரியவில்லை. காற்றை அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஒரு சாதனம் வேண்டும், விலைக்கு வாங்காமல் நானே செய்தேன்.

டர்போ நுழைவுக் குழாயின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்தேன், 51 மிமீ. தண்ணீர் வேலைக்குப் போடும் 50 மிமீ பிவிசி குழாயின் வெளிவிட்டம் 50. ஒரு சாண் துண்டு வெட்டி, ஒரு முனையில் எண்டு கேப்பை பிவிசி சொல்யூஷன் தடவி ஒட்டினேன். கேப்பின் நடுவில் ட்யூப்லெஸ் டயர் வால்வு. தேரடி பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணன் வால்வைச் சும்மாவே கொடுத்தார். அதற்கு 11.5 மிமீ துளை வேண்டும். என்னிடம் அந்த பிட் இல்லை. 11-ல் துளைத்து உருண்டை அரத்தால் தேய்த்துப் பெரிதாக்கினேன். இரண்டு குழாய்களுக்கும் நடுவே மிச்சமிருந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பழைய சைக்கிள் ட்யூப்பை ஒரு சுற்று சுற்றி, மேலே கிளிப் போட்டு இறுக்கியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. மொத்தச் செலவு 185 ரூபாய். சொல்யூஷன் ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் கேப் கழன்று முகத்தில் அடிக்கும்.

மறுநாள் கால் பம்ப்பை மாட்டி அடித்தேன். முள் 0.1 பார் தாண்டவே இல்லை. எங்கிருந்தோ புஸ்ஸென்று பெரிய சத்தம். ஒழுகல் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகக் குனிந்து தேடினால், காற்று டிப்ஸ்டிக் குழாய் வழியாக வந்துகொண்டிருக்கிறது! அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. எஞ்சினின் மூச்சுக்குழாய் டர்போவுக்கு முந்தைய குழாயில்தான் சேருகிறது. நான் அடித்த காற்றெல்லாம் அதன் வழியே எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க் கேஸுக்குள் போயிருக்கிறது. அந்த அழுத்தத்தை இன்னும் ஏற்றியிருந்தால் ஆயில் சீல் ஏதாவது பிதுங்கியிருக்கும். அந்தக் குழாயைக் கழற்றி, இரண்டு பக்கமும் அடைத்தேன். இதைச் செய்யாமல் யாரும் காற்று அடிக்க வேண்டாம்.

இந்தத் தடவை கால் பம்ப் போதவில்லை. எஞ்சினுக்குப் போகும் காற்றை மூடித் திறக்கும் த்ராட்டில் வழியாகக் கொஞ்சம் காற்று எப்போதும் கசியும், அதை ஈடுகட்டி அடிக்க கம்ப்ரெசர் வேண்டும். வண்டியை மெதுவாக ஓட்டிப் பஞ்சர் கடைக்கே கொண்டுபோனேன். அண்ணன் என் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, வண்டிக்கே காத்து அடிக்கப் போறியா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. ரெகுலேட்டரை 0.5 பாரில் வைத்து அவர் பிடித்துக்கொள்ள, நான் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி ஒவ்வொரு இணைப்பாக அடித்துக்கொண்டு வந்தேன். மேலே எங்கும் குமிழி இல்லை. பம்பருக்குக் கீழே, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வெளியே வரும் குழாயின் அடிப்பக்கம் அடித்தபோது நுரை பொங்கித் தரையில் விழுந்தது. போனைக் கையில் பிடித்து அடியில் நீட்டி எடுத்த வீடியோவில்தான் பார்க்க முடிந்தது. 14 மிமீ நீளத்துக்கு ஒரு வெட்டு. பக்கத்திலிருந்த இரும்புத் தாங்கியில் உரசி உரசி விழுந்திருக்கிறது. குழாயைப் பிடித்திருந்த ஸ்பிரிங் கிளிப்பில் துரு ஏறிப் பிடிமானம் தளர்ந்ததால், குழாய் அரை அங்குலம் நகர்ந்து அந்தத் தாங்கியில் போய் உட்கார்ந்திருந்தது. காற்று அழுத்தம் இல்லாதபோது வெட்டு மூடிக்கொள்கிறது; கையால் தடவிப் பார்த்தபோது சிக்காததற்கு அதுதான் காரணம்.

என் வீட்டிலிருந்து கடல் நானூறு மீட்டர். தினமும் எண்ணூர் விரைவுச் சாலையில் உப்புக் காற்றில் போய் வருகிறேன். துறைமுகத்துக்கு நிற்கும் கண்டெய்னர் லாரி வரிசையோடு சேர்ந்து நகரும்போது பத்து நிமிஷத்தில் ஒரு கிலோமீட்டர் கூடப் போகாது. எஞ்சினுக்குள் வெப்பம் தேங்கும், ரப்பர் காயும், இரும்பு துருப்பிடிக்கும். ஊருக்கு வெளியே அகலமான சாலையில் ஓடும் வண்டிக்கும் இங்கே ஓடும் வண்டிக்கும் கிலோமீட்டர் ஒன்றாக இருந்தாலும் வயது ஒன்றல்ல. சர்வீஸ் புத்தகத்தில் கடுமையான பயன்பாடு என்று தனிப் பத்தி இருக்கும். வடசென்னைக்காரர்கள் அந்தப் பத்தியைத்தான் படிக்க வேண்டும்.

அசல் குழாய் 2,380 ரூபாய், ஆர்டர் போட்டு நான்கு நாளில் வந்தது. ஸ்பிரிங் கிளிப்புக்குப் பதிலாக 240 ரூபாய்க்கு இரண்டு ஸ்டெயின்லெஸ் போல்ட் கிளாம்ப் போட்டேன். தாங்கியின் விளிம்பில் பழைய குழாயிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பிளந்து மாட்டிவிட்டேன், இனி உரசினாலும் ரப்பரோடு ரப்பர். ஓட்டிப் பார்த்தேன். 168. விளக்கு அணைந்துவிட்டது, வண்டியும் இழுக்கிறது. வேறு யாராவது என்றால் இங்கேயே நிறுத்தியிருப்பார்கள். போன வருஷப் படத்தில் 192 இருப்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை.

வேஸ்ட்கேட் பக்கம் போனேன். டர்போவைச் சுழற்றும் புகையில் வேண்டாத பங்கை வேறு வழியில் திருப்பிவிடும் சின்னக் கதவு அது. என் வண்டியில் காற்றழுத்தத்தில் வேலை செய்யும் வட்ட டப்பா ஒன்று ஒரு கம்பியைத் தள்ளி அந்தக் கதவைத் திறக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் இதற்கு மின்மோட்டார் இருக்கிறது. அவற்றில் இந்தச் சோதனையை இப்படிச் செய்ய முடியாது. டப்பாவுக்குக் காற்று கொடுக்க அம்மாவின் பழைய பிபி கருவியின் ரப்பர் பல்பையும் முள் காட்டியையும் எடுத்தேன். 300 வரை பிழிந்தும் கம்பி அசையவில்லை. அந்த 300 என்பது பாதரச மில்லிமீட்டரில், வெறும் 0.4 பார்தான். அதனால் பல்பை விட்டுவிட்டுக் கால் பம்ப்பை இணைத்தேன். 0.55 பாரில் கம்பி டக்கென்று ஒரே துள்ளலில் நகர்ந்தது. 0.8-ல் மொத்தம் 8 மிமீ. காற்றை விட்டதும் திரும்பி வந்தது 6 மிமீ. மிச்சம் 2 மிமீ கதவு எப்போதும் திறந்தே நிற்கிறது, பூஸ்ட் அந்த இடுக்கில்தான் போய்க்கொண்டிருக்கிறது. விரலால் தள்ளினால் மூடியது. கதவின் அச்சைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி துரு.

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனில் கேட்டேன். கம்பியில் இருக்கும் நட்டை இரண்டு சுற்று உள்ளே முறுக்கினால் கதவு மூடிக்கொள்ளும், ஐந்து நிமிஷ வேலை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அப்படிச் செய்தால் எண் ஏறும். ஆனால் அச்சு இறுகியே இருக்கும். கம்பி குட்டையான பிறகு என்றாவது கதவு திறக்க மறுத்தால் பூஸ்ட் வரம்பு மீறி ஏறும். அதற்குப் பிஸ்டன்தான் விலை கொடுக்கும். தொழிற்சாலையில் பெயின்ட் வைத்துப் பூட்டிய நட்டு அது. நான் தொடவில்லை.

அச்சுக்குப் போய்ச் சேர வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்ற வேண்டும். மூன்று போல்ட்டு, 10 மிமீ தலை. இரண்டு வந்தன. மூன்றாவதில் துரு கரைக்கும் ஆயிலை அடித்துப் பத்து நிமிஷம்கூடப் பொறுக்காமல் ராட்செட்டைப் போட்டு இழுத்தேன். தலை கையோடு வந்துவிட்டது. டர்போவின் வார்ப்பிரும்பில் எம்6 போல்ட்டின் அடிப்பாகம் 3 மிமீ நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு முழு சனிக்கிழமை அதில் போனது. வைஸ் ப்ளையரில் பிடித்தால் வழுக்கியது, சூடேற்ற என்னிடம் டார்ச் இல்லை. கடைசியில் தெருமுனை வெல்டிங் பட்டறைக்காரர் சின்ன இன்வெர்ட்டர் மெஷினை வீட்டுக்கே தூக்கி வந்தார். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளாம்ப்பை டர்போவிலேயே பக்கத்தில் மாட்டச் சொன்னேன். முறிந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு நிரப்பினார். கொஞ்சம் ஆறியதும் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்ததில் முனகிக்கொண்டே வெளியே வந்தது. 450 ரூபாய். "உப்புக் காத்துல நிக்கிற வண்டிக்கு மொத நாளே எண்ணெ உட்டுரணும்பா" என்றார். இனிமேல் அப்படித்தான். தொட வேண்டிய போல்ட்டுகளை முதல் நாள் ராத்திரியே நனைத்து விடுவேன்.

அச்சில் துரு கரைக்கும் ஆயிலை மூன்று நாள் மாலை மாலையாக விட்டேன். ஒவ்வொரு தடவையும் பம்ப்பால் கம்பியை அறுபது தடவை நகர்த்தினேன். முதல் நாள் சிவப்பாக ஊறியது, மூன்றாம் நாள் தெளிவாக வந்தது. வெப்பம் தாங்கும் செம்புப் பசையைக் கொஞ்சமாகத் தடவினேன். சாதாரண கிரீஸ் அங்கே கருகிக் கட்டி தட்டி, இன்னும் மோசமாக இறுக்கிவிடும். ஆயிலும் பசையும் சேர்த்து 600 ரூபாய். பிறகு மறுபடி பிபி கருவி. 260-ல் கம்பி மெதுவாக நகர ஆரம்பித்தது, அதாவது 0.35 பார். காற்றை விட்டால் முழுசாக மூடியது. அம்மாவின் கருவி இந்த வேலைக்கு அவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தியதில் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. ஓட்டிப் பார்த்தால் 189.

இழுவை திரும்பிவிட்டது. காலை உதறல் போகவில்லை. காயில், பிளக் மாற்றியும் போகாத உதறல் என்றால் எனக்குத் தோன்றியது கரி. பழைய முறை எஞ்சின்களில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் தெளிக்கப்படும், அதுவே வால்வைக் கழுவிவிடும். நேரடி இன்ஜெக்ஷனில் பெட்ரோல் சிலிண்டருக்குள் போகிறது, வால்வின் மேல் ஒரு சொட்டும் படாது. மூச்சுக்குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவி சூடான வால்வில் படிந்து கருகி ஏறிக்கொண்டே போகும். டேங்கில் ஊற்றும் எந்த கிளீனரும் அந்த இடத்தைப் போய்ச் சேராது. ரிச்சி தெருவில் 1,400 ரூபாய்க்கு ஒரு எண்டோஸ்கோப் கேமரா வாங்கி, த்ராட்டிலைக் கழற்றி உள்ளே விட்டேன். ஆறு இன்டேக் வால்வுகளும் தார் பூசின மாதிரி. இரண்டாவது சிலிண்டரில் கரி 3 மிமீ கனத்துக்கு இருக்கும்.

இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற உயர் அழுத்த பெட்ரோல் குழாயைத் தொட வேண்டியிருக்கவில்லை, நல்லவேளை. ஓடும்போது அதற்குள் 150 பாருக்கு மேல் இருக்கும். அதை அவிழ்க்க வேண்டிய வண்டியாக இருந்தால் இந்த வேலையை வீட்டில் செய்திருக்க மாட்டேன். ஒரு சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி கிராங்க் புல்லியை ஸ்பானரால் சுற்றி நிறுத்தி, அந்தக் குழியில் கார்புரேட்டர் கிளீனரை ஊற்றி அரை மணி நேரம் ஊற விட்டேன். பிறகு நைலான் பிரஷ், பித்தளை பிரஷ், வளைந்த முனை ஸ்க்ரூடிரைவர், கடைசியில் வேக்குவத்தால் உறிஞ்சுவது. ஒரு சிலிண்டருக்கு மூன்று சுற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மொத்தம் ஒன்பது மணி நேரம்.

மூன்றாவது சிலிண்டரில் ஊற்றிய திரவம் பத்து நிமிஷத்தில் காணாமல் போனது. வால்வு மூடியிருக்கிறது என்று நினைத்தேன். ஒன்று இழையளவு திறந்திருக்கிறது. திரவம் பிஸ்டன் மேல் நிற்கும்போது அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், திரவம் அமுங்காது. மூன்று பிளக்கையும் கழற்றி, மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சால் உறிஞ்சி, கையால் கிராங்க்கைப் பல சுற்று சுற்றி, உள்ளே விட்டெடுத்த துணியில் வாடை வராத அளவுக்கு ஒரு ராத்திரி உலர விட்டேன். கொஞ்சம் ஆயிலில் இறங்கியிருக்கும் என்பதால் ஆயிலை உடனே மாற்றினேன். அடுத்த தடவை ஊற்றும் முன் ஒரு ஸ்பூன் அளவு மட்டும் விட்டு ஐந்து நிமிஷம் மட்டம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு ஊற்றுவேன்.

கிளீனர் மூன்று டப்பா 930, பிரஷ் 150, மேனிஃபோல்டு பேக்கிங் 780, த்ராட்டில் பேக்கிங் 220. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது உதறல் இல்லை. பெட்ரோல் கலவைக்கு கம்ப்யூட்டர் கொடுக்கும் நீண்டகாலத் திருத்தம் 8 சதவீதத்தில் இருந்தது, ஒரு வாரத்தில் 2-க்கு இறங்கியது.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன டர்போ எஞ்சின்களுக்கு என்றே ஒரு தனி ஆபத்து உண்டு. குறைந்த சுழற்சியில் பெரிய கியரில் போட்டு மிதித்தால் பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அடி விழும். இதைக் குறைப்பதற்காகவே ஆயில் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஐ 2018-ல் எஸ்என் பிளஸ் என்ற தரத்தையும், 2020-ல் எஸ்பி என்ற தரத்தையும் கொண்டு வந்தது. ஆயில் டின்னில் எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். 5டபிள்யூ-30, 3.6 லிட்டர், ஃபில்டரோடு 2,900. புத்தகம் 10,000 கிலோமீட்டர் என்கிறது. நான் இனி 6,000-க்கே மாற்றப் போகிறேன். கரிக்கும் டர்போ பேரிங்குக்கும் சேர்த்து நான் செய்யக்கூடிய மலிவான காரியம் அதுதான். டாப் கியரில் 1,800-க்குக் கீழே இழுக்க விடுவதையும் நிறுத்திவிட்டேன்.

கணக்கைக் கூட்டினால், ஸ்கேனர், கேமரா, வீணாய்ப் போன காயில் எல்லாம் சேர்த்து 15,145 ரூபாய். பூஸ்ட் போனதற்கு நேரடியாகக் காரணமான இரண்டு குறைகளையும் சரிசெய்ய ஆன செலவு குழாய், கிளாம்ப், ஆயில், பசை, வெல்டிங் சேர்த்து 3,670. மறுபடி செய்வதென்றால் 185 ரூபாய்க் குழாயை முதல் நாளே செய்திருப்பேன். எந்த உதிரிபாகமும் வாங்குவதற்கு முன் காற்று அடித்துப் பார்த்திருப்பேன், புதுப்பேட்டைக்குப் போயிருக்கவே மாட்டேன்.

வேஸ்ட்கேட் அச்சு மறுபடி துருப்பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, கடல் அங்கேயேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பிபி கருவியை மாட்டி, எந்த எண்ணில் கம்பி நகர்கிறது என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதப் போகிறேன். முதல் வரி எழுதியாகிவிட்டது: 69,120 கிலோமீட்டர், 260. பிவிசி குழாய் இப்போது என்னிடம் இல்லை. பஞ்சர் கடை அண்ணனிடம் வேறொருவர் இதே குறையோடு வந்தாராம், அண்ணன் அதை வாங்கிப் போயிருக்கிறார். அந்த வண்டியின் நுழைவுக் குழாய் 60 மிமீ என்றார். 50 மிமீ துண்டின் மேல் லாரி ட்யூப்பை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று நேற்று ராத்திரி போன் செய்து கேட்டார்.